+44 என்று தொடங்கினாலும் பிரிட்டன் கட்டணம் இல்லை: ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு எண்களுக்கு அழைப்பவர்களுக்கான வழிகாட்டி

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழும் நம்மவர் குடும்பங்களிலிருந்து கணக்காய்வு, வங்கி, காப்புறுதி, மருத்துவத் தாதிமை ஆகிய துறைகளில் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் லண்டனையோ மான்செஸ்டரையோ தாண்டி, ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு ஆகிய சிறு தீவுகளுக்கும் போகிறார்கள். நிதித்துறை நிறுவனங்கள் அங்கே ஏராளம் என்பதால் இது இயல்பாகவே நடக்கிறது. வீட்டில் இருக்கும் தாய் தகப்பனுக்கோ அது எல்லாம் "லண்டன் பக்கம்" தான். பிள்ளை கொடுக்கும் எண்ணும் +44 என்றே தொடங்குகிறது. கைத்தொலைபேசிச் சந்தாவில் பிரிட்டனுக்கு இலவச நிமிடங்கள் உண்டு என்று எழுதியிருக்கிறது. எனவே கவலையின்றிப் பேசுகிறார்கள். மாத முடிவில் வரும் கட்டணச் சீட்டில் அந்த அழைப்புகள் மட்டும் இலவச நிமிடங்களில் சேராமல் தனியாக, நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிடப்பட்டு நிற்கலாம். இப்படி நேர்வதன் காரணத்தையும் அதைத் தவிர்க்கும் வழிகளையும் இங்கே சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் வழிகள் தாமாகவே விளங்கும் என்பதால், அதற்குச் சற்று அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் எண்ணைப் படியுங்கள்

தரைவழித் தொலைபேசி எண் என்றால் அடையாளம் காண்பது எளிது. பிரிட்டனுக்குள் எழுதும் முறையில் ஜெர்சியின் பகுதி எண் 01534. கெர்ன்சியின் பகுதி எண் 01481. மேன் தீவின் பகுதி எண் 01624. கெர்ன்சியின் ஆட்சி வட்டத்தில் அடங்கிய ஆல்டர்னி, சார்க் ஆகிய சிறு தீவுகளும் 01481-ஐயே பயன்படுத்துகின்றன. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கைத்தொலைபேசி எண்களில்தான் சிக்கல் உள்ளது. பிரிட்டனின் கைத்தொலைபேசி எண்கள் எல்லாம் 07 என்று தொடங்குவதைப் போலவே இத்தீவுகளின் எண்களும் தொடங்குகின்றன. ஜெர்சியில் பரவலாகக் காணப்படுவது 07797. அதோடு 07829, 07937, 07509 ஆகியவையும் அத்தீவுக்கு உரியவை. கெர்ன்சிக்கு 07781, 07839. மேன் தீவுக்கு 07624, 07524, 07924. சில தொகுதிகளில் முதல் ஐந்து இலக்கங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் இயலாது. 07911 என்று தொடங்கும் எண்களில் அடுத்த இலக்கம் 1 அல்லது 7 ஆக இருந்தால் அது கெர்ன்சி. மற்றவை பிரிட்டனுக்கு உரியவை. ஆகவே எண்ணைக் கொடுப்பவரிடமே, "இந்த சிம் அட்டையைத் தீவில் வாங்கினாயா, இங்கிலாந்தில் வாங்கினாயா?" என்று கேட்டுவிடுவதே உறுதியான வழி. லண்டனில் மூன்று ஆண்டு படித்துவிட்டு ஜெர்சிக்கு வேலைக்குப் போன ஒருவர் தம் பழைய லண்டன் எண்ணையே வைத்திருக்கக்கூடும். அப்படியானால் அழைப்பவருக்கு அது பிரிட்டன் எண்தான். கூடுதல் செலவு எதுவும் வந்தால் அது தீவில் இருந்து அழைப்பை ஏற்பவரின் ரோமிங் கணக்கில்தான் வரும்.

இணையப் படிவங்களை நிரப்பியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நாட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் பிரிட்டனுக்கு எதிரே +44 என்று இருக்கும். கீழும் மேலும் தேடினால் ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு என்று தனித்தனியாகவும் பெயர்கள் இருக்கும். அவற்றுக்கு எதிரேயும் அதே +44 தான் இருக்கும். எண் ஒன்று, இடங்கள் நான்கு என்பதை இந்தப் பட்டியலே காட்டிவிடுகிறது.

ஒரே குறியீடு, வேறு வேறு ஆட்சி

இத்தீவுகள் ஐக்கிய இராச்சியத்தின் பகுதிகள் அல்ல. பிரிட்டிஷ் மன்னரே அவற்றுக்கும் தலைவர். பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் லண்டனின் பொறுப்பு. ஆனால் வரி, சட்டம், நீதிமன்றம், உள்ளாட்சி எல்லாம் அவரவருடையவை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இத்தீவுகளுக்கு உறுப்பினர்கள் இல்லை. மேன் தீவுக்கு டின்வால்ட் என்ற பழமையான நாடாளுமன்றமும், ஜெர்சிக்கும் கெர்ன்சிக்கும் அவற்றுக்கே உரிய சட்டமன்றங்களும் உள்ளன. ஜெர்சியும் கெர்ன்சியும் ஒரு காலத்தில் நார்மண்டிக் கோமகனின் ஆட்சிப் பகுதியாக இருந்தவை. 1204-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஜான் பிரான்சு நிலப்பரப்பில் இருந்த நார்மண்டியை இழந்தபோது, இத்தீவுகள் மட்டும் அவர் பக்கம் நின்றன. அன்று தொடங்கிய தனி உறவு இன்றும் நீடிக்கிறது. மேன் தீவு ஐரிஷ் கடலில் இருக்கிறது. அதன் வரலாறு வேறு. அதன் ஆட்சியுரிமை 1765-இல் பிரிட்டிஷ் முடியரசின் கைக்கு வந்தது.

அஞ்சல் தலை சேர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை. 1969-இலிருந்து ஜெர்சியும் கெர்ன்சியும் தங்கள் சொந்த அஞ்சல் தலைகளை வெளியிடுகின்றன. 1973-இலிருந்து மேன் தீவும் அப்படியே. தொலைபேசியிலோ இந்தப் பிரிவு இன்னும் பழையது. கெர்ன்சி 1898-இலேயே தீவின் ஆட்சிமன்றத்தின் கீழ்ச் சொந்தத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஜெர்சி 1923-இல் தன் தொலைபேசி வலையமைப்பைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையிடமிருந்து வாங்கிக்கொண்டது. மேன் தீவில் 1987-இல் மேங்க்ஸ் டெலிகாம் தனி உரிமத்துடன் இயங்கத் தொடங்கியது. இன்று ஜெர்சியின் ஜேடி என்ற தொலைபேசி நிறுவனம் அத்தீவின் அரசுக்குச் சொந்தமானது. இந்தியாவின் பாரதி குழுமமும் 2007-இல் ஏர்டெல்-வோடஃபோன் என்ற பெயரில் ஜெர்சியில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது.

அப்படியென்றால் +44 மட்டும் ஏன் பொதுவாக இருக்கிறது? பிரிட்டனின் தொலைபேசி எண் திட்டம் வகுக்கப்பட்டபோது இத்தீவுகளும் அதற்குள்ளேயே வைக்கப்பட்டன. எண் தொகுதிகளை ஒதுக்கும் வேலையை இன்றும் பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காமே பார்க்கிறது. எண்களை ஒதுக்குவது ஒன்று, விலையை ஒழுங்குபடுத்துவது வேறொன்று. தீவு நிறுவனங்களுக்கு உரிமம் தருவதும் அவற்றின் கட்டணங்களைக் கண்காணிப்பதும் அந்தந்தத் தீவின் ஒழுங்குமுறை ஆணையங்கள். ஆஃப்காமின் விலை வரம்பு பிரிட்டனின் கரையோடு நின்றுவிடுகிறது.

இங்கேதான் பணம் பற்றிய நுட்பம் இருக்கிறது. நீங்கள் ஒருவரை அழைக்கும்போது உங்கள் நிறுவனம் அழைப்பை அவருடைய நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. அழைப்பை ஏற்று அவர் காதுவரை கொண்டுசேர்ப்பதற்காக அந்த நிறுவனம் நிமிடத்துக்கு ஒரு தொகையை வசூலிக்கிறது. இதை அழைப்பு முடிப்புக் கட்டணம் என்று சொல்லலாம். பிரிட்டனுக்குள் இந்தத் தொகையை ஆஃப்காம் படிப்படியாகக் குறைத்து நிமிடத்துக்கு ஒரு பென்னிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் அங்குள்ள நிறுவனங்களால் வரம்பற்ற நிமிடங்கள் என்று அறிவிக்க முடிகிறது; நீங்கள் எவ்வளவு பேசினாலும் அவர்கள் வெளியே கொடுக்கும் தொகை மிகச் சிறிது. தீவுகளின் முடிப்புக் கட்டணம் அதைவிட உயர்வானது. ஜெர்சியின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 103,000. மேன் தீவில் ஏறத்தாழ 84,000. கெர்ன்சியில் அதைவிடக் குறைவு. கோலாலம்பூரின் ஒரு பெரிய குடியிருப்பு வட்டாரத்தில் வாழும் அளவு மக்களுக்காகக் கோபுரங்களையும் கடலடி வடங்களையும் இணைப்பகங்களையும் தனியாகப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. உயர்ந்த கட்டணத்துக்கு இது நியாயமான காரணம்தான் என்று நான் கருதுகிறேன். அந்த வேறுபாட்டை விளம்பரத்தின் அடியில் எறும்பெழுத்தில் வைப்பதற்கு மட்டும் நியாயம் எதுவும் இல்லை.

தூரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜெர்சியிலிருந்து பிரான்சுக் கரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். இங்கிலாந்தோ அதைப்போலப் பல மடங்கு தொலைவு. ஆனாலும் பிரான்சின் குறியீடு +33, ஜெர்சியின் குறியீடு +44. நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1963-இல் மலேசியாவில் இணைந்து 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்த சிங்கப்பூருக்கு +65 என்ற சொந்தக் குறியீடு இருந்தும், மலேசியாவிலிருந்து 02 என்ற முன்னெண்ணோடும் அழைக்கும் முறை உண்டு. பார்வைக்கு அது கோலாலம்பூரின் 03, பினாங்கின் 04 ஆகியவற்றின் உடன்பிறப்பைப் போல இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அப்பால் முடியும் அந்த அழைப்பு வெளிநாட்டு அழைப்பே. தென்சீனக் கடலைத் தாண்டியுள்ள லபுவானின் 087 எண்ணோ உள்நாட்டு எண். கரீபியன் கடலில் ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் ஆகிய நாடுகள் அமெரிக்காவின் +1 குறியீட்டையே பகிர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவிலிருந்து அவற்றுக்கு அழைத்தால் அதுவும் வெளிநாட்டுக் கட்டணம்தான்.

மலேசிய நிறுவனத்தின் கணினி எண்ணை எப்படிப் படிக்கிறது

பலருக்கு எழும் கேள்வி இது: "நான் 0044 என்றுதானே அழுத்தினேன், நிறுவனத்துக்கு அது ஜெர்சி என்று எப்படித் தெரிந்தது?" அழைப்புகளைப் பிரிக்கும் கணினிகள் குறியீட்டோடு நிற்பதில்லை. அவற்றிடம் எண் தொடக்கங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. 44 என்பதற்கு ஒரு விலை, 447 என்பதற்கு ஒரு விலை, 447797 என்பதற்கு ஒரு விலை என்று அடுக்கடுக்காக இருக்கும். நீங்கள் அழுத்திய எண்ணோடு எந்தத் தொடக்கம் மிக நீளமாகப் பொருந்துகிறதோ, அதன் விலையே உங்களுக்குப் பொருந்தும். 00 44 7797 என்று போகும் எண், "பிரிட்டன் கைத்தொலைபேசி" என்ற வரியோடும் பொருந்துகிறது, "ஜெர்சி கைத்தொலைபேசி" என்ற வரியோடும் பொருந்துகிறது. இரண்டாவது நீளமானது என்பதால் அதுவே வெல்கிறது.

இந்த ஒரு செய்தி தெரிந்தால் கட்டணப் பட்டியலைப் படிக்கும் முறையும் தெரிந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டு அழைப்புக் கட்டணப் பட்டியலைத் திறந்து பிரிட்டன் என்ற வரியோடு நின்றுவிடாதீர்கள். அகர வரிசையில் ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு, "சேனல் தீவுகள்" (ஜெர்சி, கெர்ன்சி ஆகியவற்றின் பொதுப்பெயர்) ஆகிய பெயர்கள் தனியே இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வரியின் விலைதான் உங்களுக்கு உரியது. அதிலும் தரைவழிக்கும் கைத்தொலைபேசிக்கும் தனித்தனி விலை இருக்கலாம். தனி வரி இல்லையென்றால் பிரிட்டன் விலையே பொருந்தும் என்று நீங்களாகக் கருதிக்கொள்ளாமல், வாடிக்கையாளர் சேவையிடம் முதல் ஆறு இலக்கங்களைச் சொல்லி எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். "பிரிட்டனுக்கு இலவசமா?" என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். "44 7797 என்று தொடங்கும் எண்ணுக்கு நிமிடத்துக்கு எத்தனை சென், எத்தனை வினாடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறீர்கள், இலவச நிமிடங்களில் இது சேருமா?" என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

எண்ணை அழுத்தும் முறையையும் சரிபார்க்க வேண்டும். பிள்ளை 07797 என்று எழுதிக் கொடுத்திருந்தால் மலேசியாவிலிருந்து அழைக்கும்போது முதல் சுழியம் போய்விடும்: 00 44 7797, அதன்பின் மீதி ஆறு இலக்கங்கள். தரைவழி எண்ணும் அப்படியே: 00 44 1534, அதன்பின் ஆறு இலக்கங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு தொங்கும் அந்தத் துண்டுத் தாளில் பழைய எண்ணை அடித்துவிட்டு இந்த முழு வடிவத்தையே எழுதி, பக்கத்தில் "லண்டன்" என்பதற்குப் பதிலாக "ஜெர்சி" என்று போட்டு வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இது மிக உதவும். தெரியாத +44 எண்ணிலிருந்து ஒருமுறை மணியடித்து நின்ற அழைப்புக்குத் திருப்பி அழைக்கக் கூடாது என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் வழியாகப் பேசினால் அழைப்பு தொலைபேசி வலையமைப்பைத் தொடுவதே இல்லை. இரு பக்கமும் இணையத் தரவு மட்டும் செலவாகும். வீட்டில் வைஃபை இருந்தால் வேறு வழி தேட வேண்டியதில்லை. ஆனால் தீவில் உள்ள அலுவலகம், மருத்துவமனை, வீட்டு உரிமையாளர், வங்கி ஆகியோரின் தரைவழி எண்ணுக்குப் பேச வேண்டிய நாள் வரும். அப்போது இணையத்தின் வழியாகத் தொலைபேசி எண்களுக்கே அழைக்கும் கட்டணச் சேவைகளின் விலையையும் உங்கள் மலேசிய நிறுவனத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் பிரிட்டன் என்ற வரியைப் பார்க்காமல் தீவின் பெயரைத் தேடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை தீவுகள் லண்டனோடு ஒத்துப்போகின்றன: கோலாலம்பூரில் இரவு 9 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் பகல் 1 மணி, கோடையில் 2 மணி.

பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

மலேசியாவிலிருந்து அழைப்பவர் வெளிநாட்டுக்குப் பேசுகிறோம் என்ற எச்சரிக்கையோடாவது பேசுகிறார். மான்செஸ்டரில் படிக்கும் தம்பி மேன் தீவின் தலைநகரான டக்ளஸில் வேலை செய்யும் அக்காளை 07624 எண்ணில் அழைக்கும்போது அந்த எச்சரிக்கைக்கும் இடமில்லை. எண்ணில் +44 கூடத் தேவைப்படுவதில்லை. பக்கத்துத் தெருவில் உள்ள நண்பனை அழைப்பதுபோலவே பதினோரு இலக்கங்கள். அவனுடைய சந்தாவில் "வரம்பற்ற பிரிட்டன் நிமிடங்கள்" என்று எழுதியிருக்கும். தீவுகளின் கைத்தொலைபேசி எண்கள் பல நிறுவனங்களில் அதற்குள் அடங்குவதில்லை. தரைவழி எண்களைச் சில நிறுவனங்கள் சந்தாவில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. குறுஞ்செய்திகளுக்கும் இதே நிலைதான்.

எனவே சிம் அட்டை வாங்கிய முதல் வாரத்திலேயே விலைப்பட்டியலில் மூன்று தீவுகளின் பெயரையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, மாதக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். 2018 அக்டோபரிலிருந்து பிரிட்டனின் கைத்தொலைபேசி நிறுவனங்கள் புதிதாக ஒப்பந்தம் செய்பவர்களுக்கும் புதுப்பிப்பவர்களுக்கும் இந்த வசதியை அளிக்க வேண்டும் என்பது சட்டம். உச்சவரம்பைச் சுழியம் பவுண்டு என்று வைத்துவிட்டால், சந்தாவுக்கு வெளியே உள்ள எண்ணுக்கு அழைப்பு போகாது; பிள்ளைக்கு அதுவே எச்சரிக்கை.

தீவுக்கு நேரில் போகிறவர்களுக்கு

பட்டமளிப்புக்கோ பிள்ளையைப் பார்க்கவோ போகும் பெற்றோர், லண்டனில் வாங்கிய பயணச் சிம் அட்டையோடு விமானம் ஏறி ஜெர்சியில் இறங்கினால், அங்கே அது ரோமிங் அட்டை ஆகிவிடுகிறது. சில நிறுவனங்கள் தீவுகளை உள்நாடுபோல நடத்துகின்றன, சில ஐரோப்பிய வட்டத்தில் சேர்க்கின்றன, சில தனியே வசூலிக்கின்றன. மலேசிய சிம் அட்டைக்கான ரோமிங் பொதியிலும் நாடுகளின் பட்டியலைத் திறந்து தீவின் பெயர் தனியே இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகையை நம்ப வேண்டாம். இத்தீவுகள் ஒருபோதும் அந்த ஒன்றியத்தின் உறுப்பினர்களாக இருந்ததில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதானால் தீவிலேயே ஒரு பிரிபெய்ட் அட்டை வாங்குவது நல்லது.

ஜெர்சியின் கிழக்குக் கரையில் நடக்கும்போது கைத்தொலைபேசி பிரான்சின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஜோகூர் பாருவின் கடலோரத்தில் நின்றவர்களுக்குச் சிங்கப்பூர் நிறுவனத்தின் வரவேற்புச் செய்தி வருவதைப் போன்றதுதான் இது. அமைப்புகளில் வலையமைப்புத் தேர்வைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறைக்கு மாற்றி, தீவின் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும்.

கட்டணம் வந்த பிறகு

சீட்டில் அழைப்பு விவரங்கள் உள்ள பக்கத்தை வாங்குங்கள். தேதி, நேரம், அழைத்த எண், சென்ற இடம், கால அளவு, தொகை என்று வரிசை இருக்கும். "சென்ற இடம்" என்ற கட்டத்தில் தீவின் பெயர் இருந்தால், உங்கள் சந்தாவில் சேர்ந்தபோது நீங்கள் பார்த்த விலைப்பட்டியலில் அந்தப் பெயர் இருந்ததா என்பதே உங்கள் வாதத்தின் அடித்தளம். அந்தக் கட்டத்தில் வெறுமனே பிரிட்டன் என்று இருந்தும் தனிக் கட்டணம் வசூலிக்கப்பட்டிருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுவானது. ஏனெனில் அவர்களுடைய சீட்டே அவர்களுடைய சலுகைக்கு முரணாக நிற்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வரிகளை மறுக்கிறீர்கள் என்பதைத் தேதியோடும் எண்ணோடும் சுட்டுங்கள். விளம்பரத்தின் படத்தையும் இணையுங்கள். சலுகை நிமிடங்களில் தீவுகள் சேராது என்பது தெளிவாக அறிவிக்கப்படவில்லை என்று எழுதிக் கேட்டால், முதல் முறை நேர்ந்ததற்கு நல்லெண்ண அடிப்படையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொடுக்கும் வாய்ப்பு உண்டு. நிறுவனத்தின் பதில் நிறைவளிக்கவில்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.-யிடம், நிறுவனம் கொடுத்த புகார் எண்ணோடு முறையிடலாம். அந்தப் புகார் எண் இல்லாமல் நேரே ஆணையத்திடம் போனால், முதலில் நிறுவனத்தை நாடுங்கள் என்றே திருப்பி அனுப்புவார்கள்.